சிடி டிரைவ் திணறுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சகோதரிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். 2006-ல் என் தாயார் சொன்ன கதைகளை வீடியோ எடுத்து ஏழு டிவிடிகளிலும், அவர் பாடிய தாலாட்டுகளை நான்கு பாட்டு சிடிகளிலும் போட்டு வைத்தேன். அம்மா இப்போது இல்லை. பேத்தி கேட்டாள் என்று போன மாதம் அவற்றை வெளியே எடுத்தேன். மூன்றாவது டிவிடியில் கீறல் விழுந்திருந்தது, ஓடவில்லை. மனசு கேட்காமல் பத்துப் பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. அதுவரை நன்றாக ஓடிய மற்ற டிஸ்க்குகளும் இப்போது நின்று நின்று ஓடுகின்றன. டிஸ்க் ஓடும்போது மவுஸ்கூட தாவித் தாவித்தான் நகர்கிறது. அதே டிஸ்க்குகள் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன. எங்களுடையது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டர். பழுது பார்க்கும் இடத்தில் டிரைவ் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பட்டை கேபிள் போடுகிற டிரைவ் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. யாரோ பயன்படுத்திய பழையதை வாங்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஐயா, வணக்கம். வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் டிரைவ் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கான தடயம் எல்லாம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது.

முதலாவது, மந்தம் ஒரே நாளில் வந்திருக்கிறது. லேசர் தேய்ந்தால் இப்படி வராது. முதலில் ஏதோ ஒரு டிஸ்க்கில் திணறும், சில மாதம் கழித்து இன்னொன்றில், எல்லாமே ஓடாமல் போவது கடைசியில்தான். இரண்டாவது, டிஸ்க்குகள் பக்கத்து வீட்டில் ஓடுகின்றன. அப்படியென்றால் கீறல் விழுந்ததைத் தவிர மற்றவை நலமாக இருக்கின்றன. மூன்றாவதைத்தான் பழுது பார்த்தவர்கள் கேட்கத் தவறிவிட்டார்கள் போலிருக்கிறது: மவுஸ் தாவுகிறது. டிரைவ் மட்டும் கெட்டிருந்தால் அது தன் பாட்டுக்குத் திணறும், மவுஸ் எப்போதும்போல வழுக்கிக்கொண்டு போகும். மவுஸும் சேர்ந்து தாவினால் பிராசசருக்கு மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம்.

ஏன் முட்டுகிறது என்று சொல்கிறேன். டிரைவில் இருந்து வருகிற தகவல் கம்ப்யூட்டரின் நினைவகத்துக்குப் போய்ச் சேர இரண்டு வழி உண்டு. ஒன்றுக்குப் பெயர் டிஎம்ஏ. இந்த வழியில் பிராசசர் 'இவ்வளவு கொண்டு வந்து இங்கே வை' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும்; சுமப்பது வேறு சில்லுகளின் பொறுப்பு. இன்னொன்று பிஐஓ. இதில் இரண்டு இரண்டு பைட்டாகப் பிராசசரே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனால் அடுப்பில் இருப்பது என்ன ஆகும்? பந்தியும் தாமதம், அடுப்பும் கவனிப்பாரின்றிக் கிடக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது அதுதான் நடக்கிறது. பிஐஓ வழியின் உச்ச வேகம் கணக்குப்படி நொடிக்கு 16.6 மெகாபைட். ஆனால் கடையில் நான் சோதித்துப் பார்த்த கம்ப்யூட்டர்களில் 3, 4 மெகாபைட்டைத் தாண்டியது அபூர்வம். டிவிடி டிரைவ்கள் வழக்கமாக ஓடுகிற அல்ட்ரா டிஎம்ஏ 2 வழிக்கு நொடிக்கு 33 மெகாபைட் வரை இடம் உண்டு.

சரி, நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் ஏன் திடீரென்று பிஐஓ-வுக்கு இறங்கியது? டிரைவிடம் கேட்ட தகவல் நேரத்துக்கு வராமல் போனாலும், வந்த தகவல் வழியில் சிதைந்திருந்தாலும் எக்ஸ்பி அதை ஒரு பிழையாகக் கணக்கு வைக்கும். மொத்தமாக ஆறு பிழை சேர்ந்ததும் 'இந்த வழி சரியில்லை' என்று முடிவு செய்து, வேகத்தை ஒரு படி இறக்கிவிடும். பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறங்கி பிஐஓ-வில் வந்து நிற்கும். பிழைக்குக் காரணம் கேபிளா, டிரைவா, கீறல் விழுந்த ஒரு டிஸ்க்கா என்று அதற்குத் தெரியாது. அந்த டிஸ்க்கை வெளியே எடுத்த பிறகும் தானாகப் பழைய வேகத்துக்கு ஏறாது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அதே கதைதான். நீங்கள் அந்த மூன்றாவது டிவிடியைப் பன்னிரண்டு தடவை போட்டீர்களே, ஆறு என்ற அந்தக் கணக்கு அன்றைக்கே நிறைந்திருக்கும்.

இது சரியா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். 'ஹார்ட்வேர்' பக்கத்தில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதில் 'ஐடிஇ ஏடிஏ ஏடிஏபிஐ கன்ட்ரோலர்ஸ்' என்ற வரிக்கு முன்னால் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் 'பிரைமரி ஐடிஇ சேனல்', 'செகண்டரி ஐடிஇ சேனல்' என்று இரண்டு தெரியும். டிரைவ்கள் கேபிளில் வந்து சேர்கிற பாதைக்குத்தான் சேனல் என்று பெயர். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஹார்ட் டிஸ்க் பிரைமரியிலும், சிடி டிரைவ் செகண்டரியிலும் இருக்கும். செகண்டரியை இரண்டு முறை கிளிக் செய்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பக்கத்தைத் திறங்கள். 'கரண்ட் ட்ரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் 'பிஐஓ மோட்' என்று இருந்தால் கள்ளன் அகப்பட்டான். 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2' என்று இருந்தால் என் கணிப்பு தவறு. இதற்கு மேல் இந்தப் பக்கத்தில் எதையும் தொடாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பிஐஓ என்று இருந்தால், அதற்கு மேலே உள்ள 'ட்ரான்ஸ்ஃபர் மோட்' பெட்டியைப் பாருங்கள். 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இருந்தும் வேலை செய்யாது. பலரும் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். அந்தப் பெட்டியில் இருப்பது நம் விருப்பம். கீழே இருப்பதுதான் நடைமுறை. பிழைக் கணக்கு நிறைந்துவிட்ட பிறகு நம் விருப்பத்தை எக்ஸ்பி கேட்காது. அந்தக் கணக்கையே அழிக்க வேண்டும். 'டிரைவர்' பக்கத்துக்குப் போய் 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். பயப்பட வேண்டாம், உங்கள் கோப்பு எதுவும் அழியாது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் எக்ஸ்பி அந்தச் சேனலைப் புதிதாகக் கண்டுபிடித்துத் தானே நிறுவிக்கொள்ளும். சில சமயம் இன்னொரு தடவை ரீஸ்டார்ட் கேட்கும், கொடுத்துவிடுங்கள். அப்புறம் அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கிற ரெஜிஸ்ட்ரிக்குள் போய் வரிகளை அழிக்கச் சொல்லியும் சிலர் வழி காட்டுவார்கள். அது வேண்டாம், இதுவே போதும்.

இதை நான் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் நான் கடை போட்ட புதிதில், 2004-ல், ஒரு தையல்காரர் தன் மகளின் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். இதே பிரச்சினை, மவுஸ் தாவலும் இருந்தது. நான் டிரைவை மட்டும் பார்த்தேன். புதுசு போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டார், புது டிரைவும் அதே மந்தம். சேனலின் மேல் எழுதிவைத்த கணக்கு அப்படியே இருக்க, டிரைவை மாற்றி என்ன பிரயோசனம்? அன்றைக்கு ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து இந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். அவருடைய பழைய டிரைவையே திரும்ப மாட்டி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அது அவர் வட்டிக்கு வாங்கிய பணம் என்று அவர் மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து, மெதுவான டிரைவ் என்று யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, 'மவுஸ் தாவுதா?'

வேகம் திரும்பி வந்துவிட்டதா? இப்போதுதான் நிதானம் வேண்டும். ஏதாவது ஒரு டிஸ்க்கை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நல்ல டிஸ்க்குகள் பத்தையும் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள், பிறகு வெளியே ஒரு பென் டிரைவிலும் போடுங்கள். கீறல் விழுந்த மூன்றாவது டிவிடி கடைசி. அதை முதலில் போட்டால் ஆறு பிழை மறுபடி சேர்ந்து, பாதி வேலையில் பிஐஓ-வுக்கு இறங்கிவிடும்.

பாட்டு சிடிகள் நான்கில் ஒரு பெரிய கண்ணி உண்டு, ஐயா. அந்தச் சிடியைத் திறந்தால் 'ட்ராக்01.சிடிஏ' என்பது போலச் சின்னச் சின்னக் கோப்புகள் தெரியும். அவற்றை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் ஒரு நொடியில் நகல் முடிந்துவிடும். அதில் பாட்டு இருக்காது! அந்தக் கோப்பு ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். பாட்டு டிஸ்க்கில் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்கிற விலாசம் மட்டும்தான் அதில் இருக்கிறது. இப்படி நகல் எடுத்து முடித்துவிட்டதாக நம்பி, சிடியைத் தூக்கிப் போட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். தயவுசெய்து விண்டோஸ் மீடியா பிளேயரில் 'ரிப்' என்ற பகுதி வழியாக எடுங்கள். 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் வடிவத்தை 'லாஸ்லெஸ்' என்று மாற்றிக்கொண்டால் அம்மாவின் குரலில் ஒரு துளியும் குறையாது. 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' என்ற இலவச மென்பொருள் இன்னும் நல்லது. சந்தேகம் வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதும். எடுத்து முடித்ததும் சிடியை வெளியே எடுத்துவிட்டு, நகலை மட்டும் முழுசாக ஓடவிட்டுக் கேளுங்கள்.

இனி மூன்றாவது டிவிடி. கீறல் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. பளபளக்கிற அடிப்பக்கம் என்றால் நம்பிக்கை உண்டு. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தகடுகளை ஒட்டியது, தகவல் நடுவில் இருக்கிறது. கீறல் அடித் தகட்டின் மேல்தோலில் மட்டும் விழுந்திருக்கலாம். சிடியில் அப்படி இல்லை. அதில் தகவல் பெயர் எழுதுகிற மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அதனால் சிடிக்கு மேல்பக்கக் கீறல்தான் எமன். பலர் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவிட்டு, பெயர் எழுதிய பக்கம் மேசையில் உரசும்படி சிடியை மல்லாத்தி வைக்கிறார்கள்.

டிவிடியைக் கழுவிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால் மெல்லத் தடவி, நன்றாக அலசுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துண்டால் ஒற்றியெடுங்கள். துடைப்பதானால் நடு ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. தகவல் வட்டச் சுருளாக எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழுகிற கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாகத்தான் வெட்டும், அதை டிரைவ் தன் பிழைதிருத்தக் கணக்கால் நிரப்பிக்கொள்ளும். சிடியிலேயே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீள வெட்டு வரை அந்தக் கணக்கு தாங்கும். சுருளின் போக்கிலேயே விழுகிற கீறலோ ஒரே இடத்தில் நிறைய தகவலைத் தின்றுவிடும். பற்பசை தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதில் உள்ள அரைதூள் புதுக் கீறல்களைப் போடும்.

கழுவிய பிறகு அதை உங்கள் கம்ப்யூட்டரில் போடாமல் பக்கத்து வீட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஓடாவிட்டால் மூன்றாவதாக ஒரு டிரைவ். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒன்றில் படம் பாதியாவது ஓடினால் அந்தப் பாதியை முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்து, நாலைந்து நாளில் மறுபடி பிஐஓ-வுக்கு இறங்கினால் அப்போது கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். கரன்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு கேபினெட் கதவைத் திறந்து பாருங்கள். பட்டை கேபிள் கதவில் நசுங்கியிருக்கலாம், டிரைவின் பின்னால் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருக்கலாம். கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டினாலே பாதி கேஸ் முடிந்துவிடும். மாற்றுவதானால் 80 கம்பி கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். அதில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை டிரைவுக்கு. நீளம் 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் ஒன்று: எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஓடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. நகல் எடுக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், ஐயா. அம்மா என்ன கதை சொன்னார்கள் என்றும் எழுதுங்கள்.

*

கேள்வி: அக்கா, எங்கள் கல்யாண டிஸ்க்கை டிரைவில் போட்டால் 'ஙொய்ங்' என்று சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. கேபினெட்டே அதிர்கிறது. மற்ற டிஸ்க்குகள் பரவாயில்லை. டிஸ்க்கின் மேல் ஸ்டூடியோக்காரர்கள் எங்கள் போட்டோவைக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது ஒரு ஓரத்தில் குமிழ் மாதிரி எழும்பியிருக்கிறது. அதைப் பிய்த்துவிடலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: பிய்க்கவே பிய்க்காதீர்கள், தங்கச்சி. சிடியாக இருந்தால் காகிதத்தோடு சேர்ந்து உள்ளே இருக்கிற வெள்ளிப் பூச்சும் உரிந்து வந்துவிடும். வந்துவிட்டால் டிஸ்க் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உலகத்தில் எந்த டிரைவாலும் படிக்க முடியாது. டிவிடியாக இருந்தாலும் பிய்க்கிற விசையில் தகடு வளையும்.

அதிர்வுக்குக் காரணம் அந்தக் காகிதம்தான். 52 எக்ஸ் வேகத்தில் ஒரு சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றுகிறது. ஒரு பக்கம் காகிதம் எழும்பினால் அந்த வேகத்தில் எடை ஒரு பக்கமாக இழுக்கும், டிஸ்க் ஆடும், லேசர் குறி தவறும். டிரைவ் 'படிக்க முடியவில்லை' என்று வேகத்தைக் குறைக்கும், கொஞ்சம் படிக்கும், திரும்ப வேகத்தைக் கூட்டும். நீங்கள் கேட்கிற ஏற்ற இறக்கச் சத்தம் அதுதான். குமிழை விரலால் மெல்ல அழுத்தி, மேலே மெல்லிய துணி விரித்து, இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் ஒரு ராத்திரி வையுங்கள். வெயிலில் வைத்துச் சூடு காட்டாதீர்கள்.

அப்புறம் டிரைவையே மெதுவாக ஓடச் சொல்ல வேண்டும். 'நீரோ டிரைவ் ஸ்பீடு' என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு, அதில் படிக்கிற வேகத்தை நாமே குறைத்து வைக்கலாம். சிடி என்றால் 8 எக்ஸ், டிவிடி என்றால் 4 எக்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு எக்ஸ் என்பது சிடியில் நொடிக்கு 150 கிலோபைட், டிவிடியில் சுமார் 1,385 கிலோபைட். 4 எக்ஸ் வேகத்திலும் ஒரு முழு டிவிடி கால் மணி நேரத்தில் நகலாகிவிடும். வேகமாக ஓடித் தடுமாறுவதைவிட இது எவ்வளவோ மேல். நகல் எடுத்ததும் அதைப் பெற்றோர் வீட்டுக்கு ஒன்று, புகுந்த வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்து வையுங்கள். இனிமேல் டிஸ்க்கின் மேல் எதையும் ஒட்ட வேண்டாம், டிஸ்க்கில் எழுதுவதற்கென்று விற்கிற மார்க்கரால் பெயர் எழுதினால் போதும்.

*

கேள்வி: டிரைவின் முகப்பில் 16 எக்ஸ் என்று போட்டிருக்கிறது. என் கணக்குப்படி நொடிக்கு 22 மெகாபைட் வர வேண்டும். நகல் எடுக்கும்போது ஆரம்பத்தில் 9 மெகாபைட்தான் காட்டுகிறது. சினிமா டிவிடி என்றால் அதைவிடவும் குறைவு. ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: கணக்கு சரிதான், தம்பி. ஆனால் அந்த 16 எக்ஸ் டிஸ்க்கின் கடைசி விளிம்பில் மட்டும் வருகிற வேகம். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. மோட்டார் ஒரே சீரில் சுற்றும்போது, ஒரு சுற்றுக்கு உள்வட்டத்தில் கடக்கிற தூரம் குறைவு, வெளிவட்டத்தில் அதிகம். ராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தலை சுற்றும், நடுவில் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. ஆரம்பத்தில் 6, 7 எக்ஸ் என்று தொடங்கி, டிஸ்க் முழுக்க நிறைந்திருந்தால் முடிவில்தான் 16-ஐத் தொடும். பாதி மட்டும் எழுதிய டிஸ்க்கில் அந்த வேகத்தைப் பார்க்கவே முடியாது. 9 மெகாபைட்டில் தொடங்குகிற உங்கள் டிரைவுக்கு ஒரு குறையும் இல்லை.

சினிமா டிவிடி விஷயம் வேறு. படம் பார்க்கும்போது இரைச்சல் இருக்கக் கூடாது என்பதற்காகப் பல கம்பெனிகள் வீடியோ டிஸ்க் என்று தெரிந்தாலே வேகத்துக்குப் பூட்டுப் போட்டுவிடுகின்றன. அது டிரைவின் உள்ளேயே எழுதிவைத்த விதி. அதைப் பழுது என்று நினைத்து யாரிடமும் காசு கொடுத்துவிடாதீர்கள்.

*

கேள்வி: பூஜை அலமாரிக்குப் பக்கத்தில்தான் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். மூன்று வருடமாக டிரைவ் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகி, இப்போது எழுதிய டிஸ்க் எதையும் படிப்பதில்லை. கடையில் வாங்கிய அச்சு டிஸ்க்குகளை மட்டும் படிக்கிறது. லென்ஸ் துடைக்கிற சிடி போடலாமா?
– வாசகி, தென்காசி

பதில்: அம்மா, கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதினீர்களே, அது லென்ஸைத்தான் காட்டுகிறது. சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திப் புகையும் டிரைவுக்குள் போய் லென்ஸின் மேல் எண்ணெய்ப் படலமாகப் படியும். அச்சு டிஸ்க் வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், மங்கலான லென்ஸாலும் பிடித்துவிட முடியும். நாம் எழுதிய டிஸ்க்கில் சாயத்தின் வழியாக வெளிச்சம் போய் வர வேண்டும், திரும்பி வருவது குறைவு. அதனால்தான் முதலில் அவை ஓடாமல் போகின்றன.

பிரஷ் வைத்த துடைக்கும் சிடி தூசிக்குப் போதும், இந்தப் பிசுக்குக்குப் பத்தாது. ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பலன் இல்லையென்றால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, பிரஷ் அதை இழுத்துவிடும். டிரைவைக் கழற்றி, மூடியைத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்றுத் துடைத்தால் சரியாகிவிடும். அதைப் பழகிய கையிடம் கொடுங்கள். மூடி திறந்திருக்கும்போது டிரைவுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. சிடி படிக்கிற லேசர் 780 நானோமீட்டர், கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும். கம்ப்யூட்டரை வேறு சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டு அப்புறம் துடைக்கக் கொடுங்கள். அதே இடத்தில் இருந்தால் அடுத்த வருடமும் இதே வேலைதான்.

*

கேள்வி: அக்கா, லேப்டாப்பில் டிரைவ் இல்லாததால் யூஎஸ்பி-யில் மாட்டுகிற டிவிடி டிரைவ் வாங்கினேன். சுற்ற ஆரம்பித்து 'டிக் டிக்' என்று நின்றுவிடுகிறது. சில நேரம் ஓடினாலும் ரொம்ப மெதுவு.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: மின்சாரம் பத்தவில்லை, கண்ணு. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று கொடுப்பது 500 மில்லி ஆம்பியர்தான். மோட்டார் சுற்றக் கிளம்பும் நேரத்தில் அதைவிட அதிகம் கேட்கும். ஒரு துளையைப் பலதாகப் பிரிக்கிற ஹப் எதுவும் நடுவில் வைக்காமல் நேராக லேப்டாப்பில் மாட்டு. நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டாம். அப்படியும் நின்றால் இரண்டு யூஎஸ்பி முனை உள்ள 'ஒய்' கேபிள் வாங்கி இரண்டு துளையிலும் மாட்டு. டிரைவோடு வந்த பெட்டியை ஒரு தடவை பார், சில கம்பெனிகள் அந்தக் கேபிளை உள்ளேயே வைத்திருப்பார்கள்.